சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு சிறுநீர்த் தொற்று ஏன் அதிகம்? சிறுநீரில் இறங்கும் சர்க்கரை மட்டும் காரணம் இல்லை

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடிந்ததும் அம்மாவோ அப்பாவோ ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நீங்கள் பெங்களூரிலோ புனேவிலோ ஆபீஸில் இருப்பீர்கள். ஹெச்பிஏ1சி, கொழுப்பு, கிரியாட்டினின் எல்லாம் பார்த்துக்கொண்டே கீழே வந்தால், சிறுநீர்ப் பரிசோதனைப் பகுதியில் 'பஸ் செல்ஸ் 10-12' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அடுத்த மெசேஜில் தெருமுனை மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் அட்டையின் போட்டோ. "சுகர் இருக்குறதால யூரின்ல இன்ஃபெக்‌ஷனாம். இதைப் போடலாமா?"

பெரும்பாலான நேரங்களில் இந்தக் கேள்விக்கு பதில் 'வேண்டாம்' என்பதுதான். சில நேரங்களில் 'உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்பது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால், சர்க்கரை நோய் சிறுநீர்ப் பாதையை எந்த வழியாகத் தாக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

எத்தனை பேருக்கான விஷயம் இது?

இந்தியாவில் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடி பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் கணக்கு இது. 2008 முதல் 2020 வரை, கட்டம் கட்டமாக 1,13,043 பேரிடம் தரவு திரட்டி, 2023இல் வெளியிட்டார்கள். நாடு முழுக்கச் சராசரி 11.4%. ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் படம் தெரியாது. கோவாவில் 26.4%, புதுச்சேரியில் 26.3%, கேரளாவில் 25.5%, உத்தரப் பிரதேசத்தில் 4.8%தான். தமிழ்நாடு 14.4%.

இவர்களுக்கு சிறுநீர்த் தொற்று, அதாவது யூடிஐ, எவ்வளவு கூடுதலாக வருகிறது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மாதவிடாய் நின்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2005இல் வெளியானது. சர்க்கரை நோய் இருந்த 100 பெண்களை ஓராண்டு கவனித்தால் 12.2 தொற்றுகள், இல்லாத 100 பேரிடம் 6.7 தொற்றுகள் என்பது அதன் கணக்கு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

'இரண்டு மடங்கு' என்று மட்டும் தலைப்புப் போட்டால் பயமாக இருக்கும். அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: சர்க்கரை நோய் இருந்த பெண்களிலும் பெரும்பாலானோருக்கு அந்த ஆண்டில் தொற்று வரவில்லை. ஆக, சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அவர்களில் யாருக்கு வருகிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

எல்லோரும் கைகாட்டும் காரணம்

'சிறுநீர்ல சர்க்கரை இறங்குது, அதைத் தின்னு கிருமி வளருது.' வீட்டில், மருந்துக் கடையில், சில கிளினிக்குகளிலும் இதுதான் விளக்கம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடும். ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது அதால் சமாளிக்க முடிவதில்லை. மிச்சம் சிறுநீரில் வழிகிறது. ஆய்வுக்கூடத்தில் குளுக்கோஸ் கலந்த சிறுநீரில் இ.கோலை நன்றாக வளரவும் செய்கிறது.

ஆனால் மனிதர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையை வேண்டுமென்றே சிறுநீரில் வெளியேற்றித்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒரு சர்க்கரை நோயாளிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை வெளியேறலாம். 'கிருமிக்குத் தீனி' என்ற விளக்கம் முழு உண்மையாக இருந்தால், இந்த மாத்திரை சாப்பிடுபவர்களிடம் யூடிஐ எகிறியிருக்க வேண்டும்.

எகிறவில்லை. எம்பாகிளிஃப்ளோசினை 7,020 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 18.0% பேருக்கு யூடிஐ. போலி மாத்திரை எடுத்தவர்களில் 18.1%. வித்தியாசமே இல்லை.

இதே ஆய்வில் இன்னொரு எண் நிஜமாகவே ஏறியது: பிறப்புறுப்புத் தொற்று. அது 1.8%இலிருந்து 6.4% ஆனது. இது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அரிப்பு, வெள்ளைப்படுதல், ஆண்களுக்கு முன்தோலில் சிவப்பும் வெடிப்பும் வரும். சிறுநீர் கழிக்கும்போது எரிவதால் பலர் இதையும் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்றே நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள். பூஞ்சைக்கு அது உதவாது; பல நேரம் மோசமாக்கும். எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்து, 60 ரூபாய் அளவில் இருந்த மாத்திரை 10 ரூபாயை ஒட்டிய விலைக்கு வந்துவிட்டது. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் இப்போது அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து, பயந்து நிறுத்த வேண்டியதில்லை. எரிச்சல் உள்ளே இருக்கிறதா, வெளியே தோலில் இருக்கிறதா என்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.

ஒரு திருத்தமும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொற்று ரத்தத்துக்குப் பரவும் யூரோசெப்சிஸ் அந்த ஆய்வில் மருந்துக் குழுவில் 0.4%, போலி மாத்திரைக் குழுவில் 0.1%. சின்ன எண்கள்தான். ஆனாலும் 2015 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகளின் லேபிளில் எச்சரிக்கை சேர்த்தது. காய்ச்சலும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் இந்த மருந்து எடுப்பவர்கள் காத்திருக்கக் கூடாது.

நிரம்பியது தெரியாத சிறுநீர்ப்பை

அப்படியென்றால் யார்தான் காரணம்? என்னைக் கேட்டால், பொதுவெளியில் அதிகம் பேசப்படாத ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்: நரம்பு.

சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்பார்கள். அதே நரம்புச் சேதம் சிறுநீர்ப்பைக்கும் வருகிறது. முதலில் உணர்வு மங்கும்: பை நிரம்பிவிட்டது என்ற தகவல் மூளைக்குத் தாமதமாகப் போகும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போனவர் ஆறேழு மணி நேரம் போகாமல் இருப்பார். 'பரவாயில்லையே, இப்பல்லாம் அடிக்கடி பாத்ரூம் போறதில்ல' என்று வீட்டில் சந்தோஷப்படவும் கூடும். பிறகு தசையின் வலு குறையும். கழித்து முடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கும்.

இந்தத் தேக்கம்தான் பெரிய பிரச்னை. சிறுநீர்ப்பைக்குள் கிருமி ஏறுவது அபூர்வமான சம்பவம் இல்லை. ஆரோக்கியமானவர்களுக்கும் ஏறும், அடுத்த முறை கழிக்கும்போது அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். குளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் பாசி பிடிக்காது, நின்றால் பிடிக்கும். அவ்வளவுதான் கணக்கு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண ஸ்கேன் போதும். சிறுநீர் கழித்த உடனே வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்து, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். 50 மில்லிக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 200 மில்லியைத் தாண்டினால் பை சரியாகக் காலியாகவில்லை என்று அர்த்தம். வருடத்தில் இரண்டு மூன்று முறை தொற்று வரும் ஒரு சர்க்கரை நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, இந்த ஸ்கேனை ஒருமுறைகூட எடுக்காமல் விடுவது நியாயமில்லை. 'கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பார்க்கலாமா டாக்டர்?' என்று நீங்களே கேட்கலாம்.

தேக்கம் லேசாக இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. உணர்வு வரும்வரை காத்திருக்காமல், கடிகாரம் பார்த்து மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போவது. போன பிறகு இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை முயற்சிப்பது. போனில் அலாரம் வைத்துக் கொடுங்கள். ஆண்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் புராஸ்டேட் வீக்கமும் இதே தேக்கத்தை உண்டாக்கும். சர்க்கரை நோயும் சேர்ந்தால் எது எவ்வளவு காரணம் என்று யூராலஜி டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

காவல் குறைவது

இரண்டாவது வழி, நோய் எதிர்ப்பு சக்தி. ரத்தச் சர்க்கரை நீண்ட நாள் உயர்ந்திருக்கும்போது, கிருமியை விழுங்கிக் கொல்லும் வெள்ளை அணுக்களின் வேகம் குறைகிறது. சிறுநீர்ப்பையின் உட்சுவரிலும் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. அந்தச் செல்கள் கிருமிநாசினிப் புரதங்களைச் சுரக்கும். அவற்றில் ஒன்று சொரியாசின். சர்க்கரை நோயாளிகளிடம் இதன் அளவு குறைந்திருப்பதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள்.

ஆக, சர்க்கரை வில்லன் இல்லை என்று நான் சொல்லவில்லை. சிறுநீரில் இறங்கும் சர்க்கரையைவிட, ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை நரம்பிலும் செல்லிலும் செய்துவைக்கும் வேலைதான் முக்கியமாகத் தெரிகிறது. மேலே சொன்ன வாஷிங்டன் ஆய்வும் இதோடு பொருந்துகிறது. ஆபத்து கூடியிருந்தது இன்சுலின் எடுப்பவர்களிடமும், பத்து ஆண்டுகளுக்கு மேல் நோய் இருந்தவர்களிடமும். ஹெச்பிஏ1சி எண்ணைப் பொறுத்து வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு இன்சுலின்தான் தொற்றைக் கொண்டுவருகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நோய் முற்றியவர்களுக்குத்தான் இன்சுலின் தேவைப்படுகிறது. குடை பிடித்தவர்கள் அதிகம் நனைகிறார்கள் என்பதற்காகக் குடை மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வோமா?

பெண்களுக்கு ஏன் கூடுதல்?

உடலமைப்பு முதல் காரணம். பெண்களின் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவில். கிருமி நடக்க வேண்டிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், பிறப்புறுப்புப் பகுதியில் காவலாக இருந்த லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் குறைகிறது. அம்மாவுக்கு அடிக்கடி தொற்று வந்தால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேட்கலாம். திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட வழி அது. இந்த வயதுப் பெண்கள் இதைப் பற்றி வாய் திறக்கக் கூச்சப்படுவதால்தான், பத்தாவது ஆன்டிபயாடிக் வரை போய்விடுகிறது.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே யூடிஐ வந்திருப்பது, சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு, கத்தீட்டர். ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7% கூடுகிறது. 'இன்னும் இந்த டியூப் தேவையா?' என்று தினமும் நர்ஸிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் கிருமி, உடம்பில் தொந்தரவில்லை

இப்போது அந்த 'பஸ் செல்ஸ்' விஷயம். எரிச்சல், அடிக்கடி போகும் அவசரம், அடிவயிற்று வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருக்கலாம். கல்ச்சரில் ஒரு மில்லியில் 1 லட்சத்துக்கு மேல் வளரவும் செய்யலாம். நெதர்லாந்தில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் சர்க்கரை நோயுள்ள பெண்களில் 26% பேரிடம் இப்படி இருந்தது. மற்ற பெண்களில் 6%. அதாவது, சர்க்கரை நோயுள்ள நான்கு அம்மாக்களின் ரிப்போர்ட்டை எடுத்தால் ஒன்றில் கிருமி இருக்கும்.

இதற்கு மருந்து கொடுத்தால் நல்லதா? கனடாவில் 105 சர்க்கரை நோயுள்ள பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2002இல் வந்தது. ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 42% பேருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 40% பேருக்கும் பின்னாளில் நிஜமான தொற்று வந்தது. ஒரு பலனும் இல்லை. ஆனால் மருந்துக் குழு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்கள் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: அறிகுறி இல்லாத சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பரிசோதனையும் வேண்டாம், சிகிச்சையும் வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு.

கிருமியே இல்லாமல் பஸ் செல்ஸ் மட்டும் கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மாதிரியைச் சரியாக எடுக்காவிட்டாலே எண் ஏறிவிடும். அந்தத் தடித்த எழுத்து, 'இந்த எண் வழக்கமான வரம்புக்கு வெளியே' என்று கம்ப்யூட்டர் சொல்வது மட்டுமே.

எப்போது ஓட வேண்டும்?

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்கம் அல்லது முதுகின் ஒரு பக்கத்தில் வலி, வாந்தி. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கிருமி சிறுநீர்ப்பையைத் தாண்டி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதன் அடையாளம் இவை. சர்க்கரை நோயாளிகளுக்கு இது சில நேரம் எம்ஃபிசிமாட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் என்ற நிலைக்குப் போகும். கிருமிகள் சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும். சிடி ஸ்கேனில் கறுப்புக் குமிழ்களாகத் தெரியும். அபூர்வம்தான். ஆனால் இதற்கு ஆளாகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். உயிரை எடுக்கக்கூடியது.

வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல்: நரம்பு மங்கியிருந்தால் எரிச்சலும் வலியும் சரியாகத் தெரியாது. காரணமில்லாமல் சர்க்கரை அளவு இரண்டு மூன்று நாளாக எகிறுவது, சாப்பாடு பிடிக்காமல் சோர்ந்து கிடப்பது, திடீரென்று பேச்சு குழறுவதோ ஆள் அடையாளம் குழம்புவதோ, இவற்றோடு காய்ச்சலும் இருந்தால் தொற்றும் ஒரு சந்தேகமாக இருக்கட்டும். எஸ்ஜிஎல்டி2 மாத்திரை எடுப்பவர் வாந்தியோடு, சாப்பிட முடியாமல் இருந்தால், அதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அந்த நேரத்தில் இருக்கிறது. குளுக்கோமீட்டர் சாதாரண எண்ணைக் காட்டினாலும் அது நடக்கலாம்.

அந்த ஆன்டிபயாடிக் அட்டை

கடைக்காரர் கொடுத்தது அநேகமாக சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது செஃபிக்சிம் வகையாக இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுவது: ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் இ.கோலை மாதிரிகளில் பெரும்பகுதி இந்த வகை மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளின் மாதிரி என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் மோசமாகவே தெரியும்; ஆனாலும் யூகத்தில் மாத்திரை போடுவது சூதாட்டம்தான். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டோயின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டாலோ, சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ அது உதவாது. அறிகுறி இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்னால் கல்ச்சருக்கு மாதிரி கொடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்பது தெரியாமலேயே போய்விடும்.

கடைக்காரர் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு: சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றோடு சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் அல்லது கோ-ட்ரைமாக்சசோல் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்ப மருந்துகளால் சர்க்கரை இறங்கி நோயாளி கோமாவுக்குப் போகும் ஆபத்து பற்றி 2018 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத பெரியவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும்.

தண்ணீர் குடிப்பது பற்றி எல்லோரும் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. தினமும் 1.5 லிட்டருக்குக் குறைவாகக் குடித்து, அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த 140 பெண்களில் பாதிப் பேரைக் கூடுதலாக 1.5 லிட்டர் குடிக்க வைத்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; பழையபடியே குடித்தவர்களுக்கு 3.2 முறை. 2018இல் வந்த முடிவு இது. அவர்கள் மாதவிடாய் நிற்காத, மற்றபடி ஆரோக்கியமான பெண்கள். உங்களுக்கும் உங்கள் வயதுத் தோழிகளுக்கும் நேராகப் பொருந்தும். அப்பாவுக்கு இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால், எவ்வளவு தண்ணீர் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கேள்விக்கு இப்போது நீங்கள் மூன்று கேள்விகளைத் திருப்பி அனுப்பலாம். எரிச்சலோ காய்ச்சலோ இருக்கா? கடைசியா எத்தனை மணிக்கு பாத்ரூம் போனீங்க? சுகருக்கு என்ன மாத்திரை எடுக்கறீங்க, அட்டையோட போட்டோ அனுப்புங்க.